அமெரிக்க அதிபர்களும் மாநில உரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர்களில் பெரியவர் யார், நாட்டைக் கெடுத்தவர் யார் என்று எங்கே பேச்சு தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் அது மாநில உரிமையில் வந்து முட்டி நிற்கும். லிங்கன் மாநிலங்களின் குரல்வளையை நெரித்தார் என்பார் ஒருவர். ஜாக்சன் சாமானியர்களின் தலைவர் என்பார் இன்னொருவர். அப்படிப்பட்ட விவாதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து, வரலாற்றோடு என் கருத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

அமெரிக்காவில் மாநில உரிமை என்றால் என்ன?

1787-ல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசியல் சட்டம், மத்திய அரசுக்கு இன்னின்ன அதிகாரம் என்று வரிசையாகச் சொன்னது: போர், நாணயம், அஞ்சல், மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்று. மிச்சம் யாருக்கு? 1791-ல் சேர்ந்த பத்தாவது திருத்தம் பதில் சொல்கிறது: மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் எல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை. இந்தியாவில் எஞ்சிய அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது, அங்கே நேர்மாறு. அதனால்தான் கொலைக்கு என்ன தண்டனை, திருமண வயது என்ன, பள்ளியில் என்ன பாடம், ஓட்டுநர் உரிமம் எப்படி என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டமே உண்டு. ஆளுநரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதுவரைக்கும் சண்டை இல்லை. கோடு எங்கே என்று தகராறு வந்தால் முடிவு சொல்வது யார்? காங்கிரஸ் எனும் நாடாளுமன்றமா, உச்ச நீதிமன்றமா, அதிபரா, அந்த மாநிலமேயா? அரசியல் சட்டம் இதை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லவில்லை. இரண்டு நூற்றாண்டுச் சண்டை அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தலைவர் மாநில உரிமை என்று பேசும்போது, எதைச் செய்வதற்கான உரிமை, அது யார் தலையில் விடியும் என்று கேட்காமல் அவரை எடை போட முடியாது.

இதை முதலில் கிளப்பியது யார்?

தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும். 1798-ல் ஜான் ஆடம்ஸ் அதிபர். பிரான்சுடன் போர் மூளும் சூழல். அரசையோ காங்கிரஸையோ அதிபரையோ இழிவுபடுத்திப் பொய்யாக எழுதினால் சிறை என்று ஒரு ராஜதுரோகச் சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் துணை அதிபர் மட்டும் இல்லை. அப்போது துணை அதிபராக இருந்தவர் எதிரணியைச் சேர்ந்த ஜெஃபர்சன். வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன், ஆடம்ஸை விமர்சித்து எழுதியதற்காக நான்கு மாதம் சிறையில் கிடந்தார். சிறையில் இருந்தபடியே மறுபடியும் தேர்தலில் ஜெயித்தார்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து ஜெஃபர்சன் கென்டக்கி சட்டமன்றத்துக்கும், மேடிசன் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கும் ரகசியமாகத் தீர்மானங்கள் எழுதிக் கொடுத்தார்கள். மத்திய அரசு எல்லை மீறினால் மாநிலங்கள் தடுக்கலாம் என்பது சாரம். ஆக, மாநில உரிமை முதன்முதலில் எழுந்தது பத்திரிகைச் சுதந்திரத்துக்காக. இதை மறந்துவிட்டு, அந்தக் கொள்கையே அடிமை முறைக்காகப் பிறந்தது என்று சொல்வது தவறு.

அதிபரானதும் ஜெஃபர்சன் அதே கொள்கையில் நின்றாரா?

இல்லை. 1803-ல் லூசியானா நிலப்பரப்பை 1.5 கோடி டாலருக்கு பிரான்சிடமிருந்து வாங்கினார். நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவை என்று அவரே நினைத்தும், திருத்தம் இல்லாமலே முடித்தார். 1807-ல் வெளிநாட்டு வணிகத்தையே நிறுத்தும் தடைச் சட்டம் கொண்டுவந்தார். துறைமுகங்களை நம்பி வாழ்ந்த, வடகிழக்கின் நியூ இங்கிலாந்து மாநிலங்கள் அவருடைய 1798 வாதத்தையே எடுத்து அவர்மேல் வீசின. சுதந்திரம் பற்றி அவ்வளவு அழகாக எழுதியவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஆண்ட்ரூ ஜாக்சன் நாட்டைக் காத்தவரா, பூர்வகுடிகளின் வாழ்வைக் குலைத்தவரா?

இரண்டும். அதுவும் கிட்டத்தட்ட ஒரே வருடத்தில்.

முதலில் தென் கரோலினா. 1828-ல் வந்த இறக்குமதி வரி வடக்கின் ஆலைகளுக்கு லாபம். பருத்தி விற்று வெளிச்சரக்கு வாங்கும் தெற்குக்கு நஷ்டம். தென் கரோலினாக்காரரான துணை அதிபர் ஜான் கால்ஹூன், மத்திய அரசின் சட்டத்தை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் ரத்து செய்யலாம் என்ற கொள்கையைத் தன் பெயர் போடாமல் எழுதினார். மறு வருடம் அதிபரான ஜாக்சனுக்கும் அவரே துணை அதிபர். 1830 ஏப்ரலில் ஜெஃபர்சன் பிறந்தநாள் விருந்து. ஜாக்சன் கோப்பையை உயர்த்தி, "நமது கூட்டாட்சி ஒன்றியம்: அது காக்கப்பட்டே ஆக வேண்டும்" என்றார். அடுத்து எழுந்த கால்ஹூன், "ஒன்றியம்: நம் சுதந்திரத்துக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருமையானது" என்று பதில் கொடுத்தார். 1832 நவம்பரில் தென் கரோலினா அந்த வரியை ரத்து செய்வதாக அறிவித்தது. டிசம்பரில் ஜாக்சன், ரத்து செய்யும் அதிகாரம் எந்த மாநிலத்துக்கும் கிடையாது என்று பிரகடனம் விடுத்தார். 1833 மார்ச்சில், தேவைப்பட்டால் படையை இறக்கும் சட்டமும் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசமும் சேர்ந்தே நிறைவேறின. தென் கரோலினா பின்வாங்கியது.

அப்புறம் ஜார்ஜியா. அங்கே வாழ்ந்த செரோக்கி மக்கள் செக்கோயா என்பவர் உருவாக்கிய சொந்த எழுத்தில் எழுதிப் படித்தார்கள். 1827-ல் தங்களுக்கென்று அரசியல் சட்டம் எழுதிக்கொண்டார்கள். 1828-லிருந்து நியூ எக்கோட்டாவில் சொந்தப் பத்திரிகை நடத்தினார்கள். அவர்கள் நிலத்தின்மேல் கண் வைத்த ஜார்ஜியா, தன் சட்டம்தான் அங்கே செல்லும் என்றது. மாநில அனுமதி வாங்காமல் செரோக்கி நிலத்தில் குடியிருந்ததற்காக சாமுவேல் வொர்செஸ்டர் என்ற பாதிரியாருக்கு நான்கு வருடக் கடுங்காவல் விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. செரோக்கி நிலத்தில் ஜார்ஜியா சட்டத்துக்கு இடமே இல்லை என்று 1832 மார்ச்சில் தீர்ப்பு. ஜார்ஜியா பொருட்படுத்தவில்லை. ஜாக்சனும் கண்டுகொள்ளவில்லை. "தீர்ப்பு சொன்ன நீதிபதியே அதை நிறைவேற்றிக்கொள்ளட்டும்" என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. அவர் காலத்தில் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. ஆனால் அவர் நடந்துகொண்டது அப்படித்தான்.

இறக்குமதி வரியை எதிர்த்த மாநிலத்துக்குப் படையைக் காட்டிய அதே அதிபர், உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தூக்கிப்போட்ட மாநிலத்துக்கு எதிராக ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. 1835-ல் செரோக்கியரின் தலைவர் ஜான் ராஸுக்குச் சம்மதமே இல்லாமல், ஒரு சிறு குழுவிடம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கினார்கள். 1838-ல், மார்ட்டின் வான் பியூரன் ஆட்சியில், படை வந்து சுமார் 16,000 பேரை வீடுகளிலிருந்து கிளப்பி மேற்கே ஓட்டிச் சென்றது. குளிரிலும் நோயிலும் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

"அவர் அந்தக் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது" என்கிறார்களே?

அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளக்கலாம். பூர்வகுடிகளை வெளியேற்றும் 1830-ம் ஆண்டுச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 என்ற கணக்கில்தான் தப்பிப் பிழைத்தது. ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியிலிருந்து வந்த டேவி கிராக்கெட்டே எதிர்த்து வாக்களித்தார். இது அநியாயம் என்று சொன்னவர்கள் அன்றைக்கே சபையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். இந்தச் சாக்கை யாருக்காகச் சொன்னாலும், அந்தக் காலத்தில் எதிர்த்தவர்கள் இருந்தார்களா என்று தேடிப் பாருங்கள். அநேகமாக இருப்பார்கள். பாதிக்கப்பட்டவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே.

மாநில உரிமை பேசியது தெற்கு மட்டும்தானா?

அடிமை முறையை வைத்திருந்த தெற்கும் அதை ஒழித்த வடக்கும் 1861-ல் மோதிய உள்நாட்டுப் போருக்கு முந்தைய பத்து வருடங்களில் அதை உரக்கப் பேசியது வடக்கு. இது பலருக்குத் தெரிவதில்லை.

1850-ல் மில்லர்ட் ஃபில்மோர் கையெழுத்திட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. விசாரிக்கும் அதிகாரி அவரை அடிமை என்று தீர்மானித்தால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். வழிப்போக்கர்கள்கூட, கூப்பிட்டால் பிடிக்க உதவியாக வேண்டும். மத்திய அரசின் கை அதுவரை இவ்வளவு தூரம் மாநிலத்துக்குள் நீண்டதில்லை. அதை நீட்டச் சொன்னது தெற்கு.

1854-ல் வர்ஜீனியாவிலிருந்து தப்பிய ஆன்டனி பர்ன்ஸை பாஸ்டனில் பிடித்தார்கள். எவ்வளவு செலவானாலும் சட்டத்தை நிறைவேற்றுங்கள் என்று அதிபர் பிராங்க்ளின் பியர்ஸிடமிருந்து தந்தி வந்தது. ஜூன் 2-ம் தேதி, ஆயுதம் தாங்கிய சிப்பாய்களுக்கு நடுவே அந்த ஒற்றை மனிதரைத் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியெங்கும் கட்டடங்களில் கறுப்புத் துணி. தெருவுக்கு மேலே ஒரு சவப்பெட்டியைத் தொங்கவிட்டு அதில் "சுதந்திரம்" என்று எழுதியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நின்று பார்க்க, அவர் கப்பலேற்றப்பட்டார். மறு வருடம் பாஸ்டன் மக்கள் பணம் திரட்டி அவரை மீட்டார்கள். அதே வருடம் மாசசூசெட்ஸ், இந்தச் சட்டத்துக்கு மாநில அதிகாரிகள் ஒத்துழைப்பதைத் தடுத்துத் தனிச் சட்டம் போட்டது.

விஸ்கான்சின் இன்னும் ஒரு படி மேலே போனது. மில்வாக்கி சிறையிலிருந்து ஜோஷுவா குளோவர் என்பவரை மக்கள் கதவை உடைத்து மீட்டார்கள். அதில் முன்நின்ற பத்திரிகையாசிரியர் ஷெர்மன் பூத் கைதானபோது, 1850 சட்டமே செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1859-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ததும், விஸ்கான்சின் சட்டமன்றம் ஜெஃபர்சனின் 1798 மொழியிலேயே எதிர்ப்புத் தீர்மானம் போட்டது.

சரி, உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்ததா, அடிமை முறைக்காக நடந்ததா?

பிரிந்து போனவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் எழுதியதைப் படித்தாலே போதும். தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட காரண அறிக்கையில் பெரிய புகார், வடக்கு மாநிலங்கள் தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரவில்லை என்பது. 13 வடமாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. நியூயார்க் வழியாக அடிமைகளைக் கூட்டிப்போகக்கூட அந்த மாநில நீதிமன்றம் விடவில்லை என்கிறது. சில மாநிலங்கள் கறுப்பர்களுக்குக் குடியுரிமையும் ஓட்டும் கொடுத்தன என்று அதையும் குற்றமாக எழுதுகிறது. சுங்கவரி பற்றிய பேச்சே அந்த அறிக்கையில் இல்லை. மற்ற மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் தென் கரோலினா பிரிந்ததற்கு அது சொன்ன காரணம்.

மிசிசிப்பி சுற்றி வளைக்கவில்லை. தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிட்டது. இந்த இரண்டு மாநிலங்களிலும் மக்கள் தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். மாநிலத்தின் விருப்பம் என்று சொல்லும்போது அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில், வெள்ளையரும் கறுப்பரும் சமமல்ல என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று பேசினார். அந்த அரசின் அரசியல் சட்டம், அடிமைகள்மேல் உள்ள சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அதன் காங்கிரஸ் போடக் கூடாது என்று தடுத்தது.

தெற்கின் சாதாரணச் சிப்பாய் பலரிடம் அடிமைகள் கிடையாது, அவரவர் காரணம் அவரவருக்கு என்பது உண்மை. ஊர், உறவு, கட்டாய ஆள்சேர்ப்பு எல்லாம் அதில் உண்டு. தனி மனிதன் ஏன் போரிட்டான் என்பது ஒரு கேள்வி, மாநிலங்கள் ஏன் பிரிந்தன என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

போருக்கு முன்பிருந்த அதிபர் ஜேம்ஸ் புக்கானனை ஏன் எல்லோரும் அதிபர்களின் வரிசையில் கடைசியில் வைக்கிறார்கள்?

பிரிந்து போக மாநிலத்துக்கு உரிமை இல்லை, போவதைத் தடுக்க எனக்கும் அதிகாரம் இல்லை என்று 1860 டிசம்பரில் காங்கிரஸுக்கு எழுதினார். லிங்கன் பதவியேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. பதவியைக் காலி செய்யும் வரை கையைப் பிசைந்துகொண்டிருந்ததற்குச் சட்ட விளக்கம் தேடியவர் என்பதே என் எண்ணம்.

லிங்கன் சர்வாதிகாரியா?

இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 1861-ல் காங்கிரஸைக் கேட்காமலே ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்தார். அதிபருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தலைமை நீதிபதி ராஜர் டேனி எழுதியதை அவர் மதிக்கவில்லை. காங்கிரஸ் அதற்கு ஒப்புதல் கொடுத்தது 1863-ல்தான். விமர்சித்தவர்கள் சிறைபட்டார்கள், சில பத்திரிகைகள் மூடப்பட்டன. 1862 டிசம்பரில் மினசோட்டாவில் டகோட்டா பூர்வகுடிகள் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். ராணுவ விசாரணை 303 பேருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. லிங்கன் கோப்புகளைப் பார்த்துப் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றினார். காப்பாற்றியதும் அவர் கணக்கு, தூக்கிலிட்டதும் அவர் கணக்கு.

ஆனாலும் சர்வாதிகாரி என்ற சொல் பொருந்தாது. நாடு இரண்டாகக் கிடந்த 1864-ல் அவர் தேர்தலைத் தள்ளிப்போடவில்லை. தோற்றுப்போவோம் என்று தானே நினைத்த நேரத்திலும் தேர்தலைச் சந்தித்தார். அடிமைகளை விடுவித்த 1863 விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும்தான், ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மேரிலாந்து போன்றவற்றுக்கு இல்லை என்பதை அவர்மேல் குறையாகச் சொல்கிறார்கள். போர்க்கால அதிகாரத்தில் அவ்வளவுதான் செய்ய முடியும் என்று கருதினார். அதனால்தான் பதின்மூன்றாவது திருத்தத்துக்கு அத்தனை பாடுபட்டார். 1865-ல் அது வந்தபோது நாடெங்கும் அடிமை முறை ஒழிந்தது. என்னைக் கேட்டால், சுமார் 40 லட்சம் பேருக்கு உரிமை கொடுத்த ஒன்றை மாநில உரிமையைப் பறித்ததாக மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது.

மாநிலம் தன்னிச்சையாகப் பிரிய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1869-ல்தான் சொன்னது, டெக்சாஸ் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில்.

யுலிசஸ் கிராண்டின் மதிப்பு திடீரென்று ஏறியது ஏன்?

அவருக்கு முன் அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலையானவர்களை அந்தந்த மாநிலமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். மாநிலங்கள் பார்த்துக்கொண்ட விதம் இது: வேலை ஒப்பந்தம் இல்லாமல் சுற்றும் கறுப்பரைக் கைது செய்யலாம், அபராதம் கட்டாவிட்டால் கூலிக்கு விடலாம் என்று கறுப்பர் சட்டங்கள் போட்டன. 1866 குடிமை உரிமைச் சட்டத்தை ஜான்சன் நிராகரித்தார். காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது.

கிராண்ட் நேர் எதிர். 1870-ல் அவர் காலத்தில்தான் நீதித்துறை அமைச்சகம் உருவானது. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல்கள் ஓட்டுப் போடப் போன கறுப்பர்களைக் கொன்றபோது, 1871-ல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. தென் கரோலினாவின் ஒன்பது வட்டாரங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திப் படையை அனுப்பிக் கும்பல்களைக் கைது செய்ய வைத்தார். அன்றைய கிளான் உடைந்தது. நீண்ட காலம் பாடப்புத்தகங்கள் அவரை ஊழல் மலிந்த ஆட்சியின் அதிபராக மட்டும் காட்டின. சுற்றியிருந்தவர்களின் ஊழலும் உண்மைதான். ஆனால் எதை முதலில் எழுதுகிறோம் என்பது மாறியிருக்கிறது. சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாய்வாளர்களிடம் எடுத்த தரவரிசையில் 2000-ல் 33-ம் இடத்தில் இருந்த கிராண்ட், 2021-ல் 20-க்கு வந்தார். ஜாக்சன் 13-லிருந்து 22-க்கு இறங்கினார். மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பரைப் பிரித்து உட்காரவைக்க அனுமதித்த வுட்ரோ வில்சன் 6-லிருந்து 13-க்குப் போனார்.

1957-ல் லிட்டில் ராக்கில் என்ன நடந்தது? ஏன் எல்லா விவாதத்திலும் அது வருகிறது?

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில் ஆர்கன்சாஸ் தலைநகர் லிட்டில் ராக்கின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர வேண்டும். ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலத்தின் தேசியக் காவல் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார்.

செப்டம்பர் 4-ம் தேதி எல்லோரும் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் தொலைபேசி இல்லாததால் தகவல் போகவில்லை. 15 வயதுப் பெண், தானே தைத்த வெள்ளை உடையில் தனியாக வந்து இறங்கினாள். காவல் படை துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி வழி மறித்தது. பின்னால் கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்து, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, அவள் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சு வரை நடந்து உட்கார்ந்தாள். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் போனது.

டுவைட் ஐசனோவர் இதில் உற்சாகமாக இறங்கியவர் அல்ல. 1954 தீர்ப்பைச் சரி என்று அதிபராக இருந்தவரை அவர் வெளிப்படையாகச் சொன்னதே இல்லை. ஃபாபஸை அழைத்துப் பேசினார், காத்திருந்தார். நீதிமன்றம் தடை போட்ட பிறகு ஃபாபஸ் காவல் படையை விலக்கிக்கொள்ள, 23-ம் தேதி கலகக் கூட்டம் பள்ளியைச் சூழ்ந்தது. மறுநாள் ஐசனோவர் ராணுவத்தின் 101-வது வான்குடைப் பிரிவை அனுப்பினார். ஆர்கன்சாஸ் காவல் படையையும் தன் கட்டளைக்குள் கொண்டுவந்தார். மாணவர்களைத் தடுக்க நிறுத்தப்பட்ட அதே மாநிலப் படை அவர்களைக் காக்கும் பொறுப்புக்கு வந்தது. ஃபாபஸ் அடுத்த கல்வியாண்டு முழுக்க நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடிவிட்டார். கறுப்பர் சேரக் கூடாது என்பதற்காக வெள்ளைப் பிள்ளைகளின் படிப்பையும் நிறுத்தத் துணிந்தது அந்த மாநில உரிமை.

அப்படியானால் மத்திய அரசு எப்போதும் நியாயத்தின் பக்கம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. ஆன்டனி பர்ன்ஸைக் கப்பலேற்றியது மத்திய அரசு. 1942-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஒரு ஆணையால் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். மறுபக்கம், மாநிலங்கள் முன்னால் போய் நாட்டை இழுத்ததும் உண்டு. பெண்களுக்கு ஓட்டுரிமையை வயோமிங், மாநிலமாகும் முன்பே, 1869-ல் கொடுத்தது, 1890-ல் மாநிலமானபோதும் அதை விட்டுக்கொடுக்கவில்லை; நாடு முழுக்க அது வர 1920 ஆனது. வேலையில்லாதோர் காப்பீட்டை 1932-ல் விஸ்கான்சின் முதலில் கொண்டுவந்தது. ரூஸ்வெல்ட்டின் 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாட்டுக்கே விரித்தது.

ரொனால்டு ரீகன் மாநில உரிமையின் காவலரா?

பேச்சில் ஆம். 1980 பிரசாரத்தில், மிசிசிப்பியின் நெஷோபா திருவிழாவில் "நான் மாநில உரிமையை நம்புகிறேன்" என்றார். 1964-ல் குடிமை உரிமைத் தொண்டர்கள் மூவர் கொல்லப்பட்டது அந்த வட்டாரத்தில்தான். அங்கே அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். செயலில், 1984-ல் மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் பிடித்தம் செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-ல் தோற்றது.

இன்று இந்த வாதம் யார் கையில் இருக்கிறது?

யார் வாஷிங்டனில் ஆட்சியில் இல்லையோ அவர்கள் கையில். பில் கிளின்டன் 1993-ல் கையெழுத்திட்ட துப்பாக்கிச் சட்டம், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையை உள்ளூர்க் காவல் தலைவர்கள்மேல் போட்டது. மொன்டானாவின் ஷெரிஃப் ஒருவர் வழக்குப் போட்டார். மாநில அதிகாரிகளை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று வலதுசாரிகள் கொண்டாடிய அந்தத் தீர்ப்பைத்தான், குடியேறியவர்களைப் பிடிக்க எங்கள் போலீஸ் உதவாது என்று சொல்லும் நகரங்கள் இன்று கையில் வைத்திருக்கின்றன.

கருக்கலைப்பை 2022-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் விட்டது. அதோடு முடியவில்லை. டெக்சாஸ் பெண்ணுக்கு மாத்திரை அனுப்பியதாக நியூயார்க் மருத்துவர் ஒருவர்மேல் டெக்சாஸ் வழக்குத் தொடுத்தது. நியூயார்க் தன் மருத்துவர்களைக் காக்கத் தனிச் சட்டம் வைத்திருக்கிறது. ஒரு மாநிலத்தின் சட்டம் இன்னொரு மாநிலத்துக்குள் எவ்வளவு தூரம் நீளலாம் என்ற 1850-களின் கேள்வி மறுபடியும் வந்து நிற்கிறது.

2025-ல் டிரம்ப் கலிஃபோர்னியாவில் செய்தது ஐசனோவர் செய்ததுதானே?

ஜூன் மாதம், ஆளுநர் கேவின் நியூசம் எதிர்த்தும், கலிஃபோர்னியாவின் தேசியக் காவல் படையை டிரம்ப் தன் கட்டளைக்குள் எடுத்து லாஸ் ஏஞ்சலஸில் இறக்கினார். ஆளுநர் கேட்காமல் அதிபர் அப்படிச் செய்தது 1965-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1965-ல் செய்தவர் லிண்டன் ஜான்சன். அலபாமாவின் செல்மாவிலிருந்து ஓட்டுரிமைக்காக நடந்து போனவர்களைக் காக்க.

சட்டப் புத்தகத்தில் இவை ஒன்றுக்கொன்று உறவு. நிகழ்வில் அப்படி இல்லை. லிட்டில் ராக்கில் ஆளுநர் நீதிமன்ற உத்தரவுக்குக் குறுக்கே நின்றார், ஒன்பது பிள்ளைகளால் பள்ளிக்குள் நுழைய முடியவில்லை. செல்மா ஊர்வலத்தை நடத்த நீதிமன்றம் அனுமதி கொடுத்திருந்தது, அலபாமா பாதுகாப்பு தர மறுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் குடியேற்றத் துறை நடத்திய கைதுகளை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள், கலவரங்களும் நடந்தன. ஆனால் ஆளுநர் மீறி நின்ற நீதிமன்ற உத்தரவு என்று எதுவும் அங்கே இல்லை. ஐசனோவரை முன்னுதாரணமாகக் காட்டுகிறவர்கள் முதலில் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.